22 முறை உதைத்தும் தோல்வியா? – ஃபுட்டி கேள்வி-பதில்

குளிர்காலச் சனிக்கிழமைகளில் மெல்பர்ன் பகுதியின் உள்ளூர் ஓவல் மைதானங்களைச் சுற்றி நிற்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஆட்டத்தின் முழுப்பெயர் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. நாமும் ஊரோடு ஒத்து ஃபுட்டி என்றே எழுதுகிறோம்.

கேள்வி: எங்கள் பகுதி கிளப் போன வாரம் 7.15 (57) எடுத்து, 9.4 (58) எடுத்த அணியிடம் ஒரே புள்ளியில் தோற்றது. 22 முறை கோலை நோக்கி உதைத்தவர்கள் தோற்க, 13 முறை உதைத்தவர்கள் ஜெயிக்கிறார்கள். துரதிர்ஷ்டம்தானே?
– வாசகர், கிரெய்கிபர்ன்

கொஞ்சம் துரதிர்ஷ்டம், நிறைய கோணம். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே போனால் கோல், 6 புள்ளி. அவற்றுக்கு இரு பக்கமும் உள்ள குட்டைக் கம்பம் வரை போனால் பிஹைண்ட், 1 புள்ளி. 7.15 (57) என்றால் 7 கோல், 15 பிஹைண்ட், மொத்தம் 57. உங்கள் அணி 22 தடவை நல்ல இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோனது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த 15 பிஹைண்டில், எதிரணித் தடுப்பாட்டக்காரர் தாமே கோட்டுக்கு அப்பால் தட்டிவிட்டவையும் இருக்கும். எதிலும் சேராமல் பக்கவாட்டில் போனவை கணக்கிலேயே வராது.

கோல் கம்பங்களின் இடைவெளி 6.4 மீட்டர். நேர் எதிரே 40 மீட்டரில் நிற்பவருக்கு அந்த அகலம் முழுசாகத் தெரியும். அதே 40 மீட்டரில் 45 டிகிரி ஒதுங்கி நின்றால் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 4.5 மீட்டர்தான். 60 டிகிரி ஒதுங்கினால் பாதி, 3.2 மீட்டர். எல்லைக்கோட்டை ஒட்டியே பந்தைக் கொண்டுபோய், பாக்கெட் எனும் மூலையிலிருந்து உதைக்கும் அணிக்கு பிஹைண்டாகக் குவிவதில் வியப்பில்லை.

பிஹைண்டின் நிஜமான நஷ்டம் 5 புள்ளி மட்டுமல்ல. கோல் விழுந்தால் பந்து நடுவட்டத்துக்குப் போகும். இரு அணிக்கும் சம வாய்ப்பு. பிஹைண்ட் விழுந்தால் கோல் சதுரத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவது எதிரணி. 15 தடவை பந்தைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறீர்கள்.

பெரிய மேடையிலும் இதுவே கதை. 2008 ஏ.எஃப்.எல். (நாட்டின் முதன்மை லீக்) இறுதிப்போட்டிக்கு ஜீலாங் வந்தபோது, அந்தப் பருவத்தின் 22 லீக் சுற்று ஆட்டங்களில் அது தோற்றிருந்தது ஒன்றில்தான். இறுதியில் 11.23 (89) எடுத்து, ஹாதார்னின் 18.7 (115) முன்னால் விழுந்தது. ஆனால் மறுபக்கமும் உண்டு: 2023 இறுதியில் காலிங்வுட் 12.18 (90), பிரிஸ்பேன் 13.8 (86). கோல் குறைவு, கோப்பை காலிங்வுட்டுக்கு. வாய்ப்பைப் போதுமான அளவு பெருக்கினால் பிஹைண்டும் காப்பாற்றும்.

அடுத்த ஆட்டத்துக்கு ஒரு தாளில் அரை ஓவல் வரையுங்கள். ஒவ்வொரு உதைக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, நின்று உதைத்ததா ஓடியபடி உதைத்ததா, கோலா பிஹைண்டா வெளியேவா என்று குறியுங்கள். நான்கு ஆட்டத்துக்குப் பிறகு தாளைப் பாருங்கள். புள்ளிகள் மூலையில் மொய்த்தால் கோளாறு உதையில் இல்லை, பந்து வரும் வழியில். நேர் எதிரே நின்றும் தவறினால் உதையில்.

உதைக் கோளாறு பெரும்பாலும் கையில் தொடங்கும். பந்தை மேலே தூக்கிப் போட்டால் காலுக்கு வருவதற்குள் சாய்ந்துவிடும். இடுப்பருகிலிருந்து கைவழியே காலுக்கு இறக்க வேண்டும். அடுத்தது, உதைத்தபின் உடல் ஒரு பக்கம் விழுவது. கடைசி இரண்டு அடியும் உதைக்கும் காலின் வீச்சும் இலக்கை நோக்கி நேராகப் போக வேண்டும். பயிற்சியின் தொடக்கத்தில் புத்துணர்ச்சியோடு பத்து உதை உதைத்துவிட்டுப் போவதில் அதிகப் பயனில்லை. 150 மீட்டர் ஓடி, மூச்சிரைக்க வந்து உதைத்துப் பழகுங்கள். ஆட்டத்தில் அப்படித்தான் உதைக்கப் போகிறீர்கள்.

கேள்வி: பந்து கோல் கம்பத்தில் பட்டு உள்ளே போனால் கோல்தானே? சாக்கரில் அப்படித்தான்.
– வாசகி, டான்டெனாங்

இங்கே பிஹைண்ட். எதிராளியின் விரல் நுனி உரசிவிட்டுப் போனாலும் பிஹைண்ட்தான். குட்டைக் கம்பத்தில் நேராகப் போய்ப் பட்டால் அதுவும் கிடையாது, எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

கேள்வி: எங்களுக்கும் பக்கத்து கிளப்புக்கும் வெற்றி, தோல்வி சமம். அவர்களைவிட அதிகப் புள்ளி குவித்திருப்பதும் நாங்கள்தான். பட்டியலில் மேலே இருப்பது அவர்கள். எப்படி?
– வாசகர், வெரிபி

வெற்றிக்கு 4, சமநிலைக்கு 2. அது ஒத்துப்போனால் சதவீதம் பார்ப்பார்கள். நீங்கள் எடுத்த மொத்தப் புள்ளியை, விட்டுக்கொடுத்த மொத்தப் புள்ளியால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. இது கழித்தல் கணக்கு இல்லை, வகுத்தல் கணக்கு. பலர் வழுக்குவது இங்கேதான். 60–30 என்று ஜெயித்தாலும் 120–90 என்று ஜெயித்தாலும் வித்தியாசம் 30. சதவீதமோ முதலாவதற்கு 200, இரண்டாவதற்கு 133. பக்கத்து கிளப் உங்களைவிடக் குறைவாக அடித்து, அதைவிடக் குறைவாக வாங்கியிருக்கும்.

ஒரே ஒரு பெருந்தோல்வி எத்தனை வாரம் வலிக்கும் என்று பாருங்கள். பத்து ஆட்டத்தில் 800 எடுத்து 800 கொடுத்த அணி 100-ல் நிற்கிறது. பதினோராவதில் 30–150 என்று தோற்றால் கணக்கு 830/950, அதாவது 87.4. மீண்டும் 100-ஐத் தொட, அடுத்த மூன்று ஆட்டங்களையும் தலா 40 புள்ளியில் ஜெயிக்க வேண்டும். ஆட்டம் கைநழுவிப் போனபின் கடைசிக் குவார்ட்டரில் (ஆட்டத்தின் கால் பங்கைச் சொல்கிறோம், வேறொன்றும் நினைக்காதீர்கள்) ஒரு தாக்குதல் ஆட்டக்காரரைத் தடுப்புக்கு இறக்கும் பயிற்சியாளரைக் கோழை என்று திட்டாதீர்கள். அவர் பட்டியல் முடிவாகும் ஆகஸ்ட் மாதத்துக்கு ஆடுகிறார்.

அடிலெய்டிலிருந்து படிப்பவர்களுக்கு: உங்கள் மாநில லீக்கான எஸ்.ஏ.என்.எஃப்.எல்.லில் வெற்றிக்கு 2 புள்ளி. சதவீதத்தை எடுத்தது, கொடுத்தது இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். அங்கே எடுத்ததும் கொடுத்ததும் சமமானால் 50. விக்டோரியக் கண்ணோடு பார்த்து, 55 எடுத்த அணியைப் பரிதாபப்பட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மூன்றாம் குவார்ட்டர் முடிவில் 18 புள்ளி முன்னிலை. கடைசியில் கோட்டைவிட்டுவிட்டார்கள். பையன்களுக்கு மனவுறுதி போதவில்லையோ? முடிவை இணைத்திருக்கிறேன்: நாங்கள் 4.2, 5.3, 9.7, 10.8 (68). அவர்கள் 1.1, 5.6, 6.7, 11.9 (75).
– வாசகர், மெல்டன்

மனவுறுதியைத் தொடுமுன் காற்றைப் பாருங்கள். இந்த எண்கள் ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும் அதுவரையான மொத்தம். பிரித்து எழுதினால் உங்கள் அணி 26, 7, 28, 7. அவர்கள் 7, 29, 7, 32. பக்கம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஆட்டம் தலைகீழாகிறது. இதைவிடத் தெளிவாகக் காற்று கையெழுத்துப் போடாது.

இரண்டாம் குவார்ட்டரில் அந்தக் காற்று அவர்களுக்கு 22 புள்ளி பெற்றுத் தந்திருக்கிறது (29-க்கு 7). அதே காற்று கடைசியிலும் அவர்கள் பக்கம் என்று தெரிந்திருந்தால், 18 என்பது முன்னிலையே இல்லை. 4 புள்ளி பின்தங்கிய நிலை. நீங்கள் தோற்றது நான்காவதில் அல்ல. காற்று உங்கள் முதுகில் இருந்த முதலாவதிலும் மூன்றாவதிலும் போதுமான அளவு சேர்க்காததால் தோற்றீர்கள்.

காற்று முதுகில் இருக்கும்போது வானத்தை நோக்கி உதைப்பதுதான் வழக்கமான தவறு. பந்து மிதந்து கோலையும் தாண்டிப் போய்விடும். தாழ்வாக, வேகமாக, மார்பு உயரத்தில் போட வேண்டும். எல்லோரும் கோல் வாயில் முட்டிமோதாமல் 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எதிர்க்காற்றில் வேறு ஆட்டம்: பந்துக்குப் பின்னால் கூடுதலாக ஒருவர், 20 மீட்டர் அளவில் சின்னச் சின்ன உதை, மார்க் (உதைத்து வந்த பந்தைத் தரையில் படாமல் பிடிப்பது) பிடித்ததும் நிதானம், வழியில்லாவிட்டால் எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்துக்கான தள்ளுமுள்ளு. அழகாக இருக்காது, எதிரணியை 29-க்குப் பதில் 15-ல் நிறுத்தினால் போதும்.

நாணயச் சுண்டலும் இதில் உண்டு. ஜெயித்த கேப்டன் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார். மெல்பர்னில் குளிர் முகப்பு வரும் நாளில் மதியம் வடக்குக் காற்று அடித்து, முகப்பு கடந்ததும் தென்மேற்காகத் திரும்பிவிடும். கடைசிக் குவார்ட்டருக்கு என்று காற்றைச் சேமித்து வைக்கும் கேப்டன் ஏமாறுவது அன்றுதான். காற்று அடிக்கும்போதே எடுத்துக்கொள்வது மேல்.

கேள்வி: முதல் ஆறு வாரம் வெளுத்துக்கட்டிய அணி, ஜூனில் அடையாளமே தெரியாமல் போவது ஏன்?
– வாசகி, பாயிண்ட் குக்

களத்தில் 18, மாற்றுக்கு 4, ஆக 22 பேர். சீனியர்ஸ் (முதல் அணி), ரிசர்வ்ஸ் (இரண்டாம் அணி) இரண்டுக்குமாக 44. காயம், வேலை, கல்யாணம், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் போக வாராவாரம் 44 பேர் நிற்க வேண்டுமானால் பட்டியலில் 55 முதல் 60 பேராவது வேண்டும். ஏப்ரலில் 48 பேரோடு தொடங்கும் கிளப், ஜூனில் ரிசர்வ்ஸிலிருந்து தயாராகாதவரைத் தூக்கி சீனியர்ஸில் போடும். அடுத்த வாரம் ரிசர்வ்ஸும் தோற்கும்.

தலைக்காயத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். 2024 முதல் சமூக மட்ட ஃபுட்டியில் மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர் குறைந்தது 21 நாள் ஆட முடியாது. அடிபட்ட நாள் 0. சனிக்கிழமை அடிபட்டால் அடுத்த இரண்டு சனி போயே போச்சு; மூன்றாவது சனி 21-ஆம் நாள், அதுவும் படிப்படியான பயிற்சியை அறிகுறியின்றி முடித்து, மருத்துவரின் ஒப்புதலும் இருந்தால்தான். "நல்லாத்தான் இருக்கேன்" என்று பையன் சொல்வது ஒப்புதல் ஆகாது.

காசு கொட்டி ஆள் இறக்கினால் தீராதா என்றால், விக்டோரியாவில் 2016 முதல் ஆட்டக்காரர் புள்ளிமுறை இருக்கிறது. சொந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவருக்கு 1. மேல்மட்டத்திலிருந்து இறங்கி வருபவருக்கு உச்சமாக 6. களமிறங்கும் சீனியர் அணியின் கூட்டுப்புள்ளிக்கு லீக் ஒரு வரம்பு வைக்கும். 6 புள்ளி நட்சத்திரம் இருவரை வாங்கிய கிளப், அவர்களைச் சுற்றி 1 புள்ளிப் பையன்களைத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். ஜூனியர் அணிகளைப் பட்டினி போட்ட கிளப் மாட்டிக்கொள்வது இதில்தான்.

கேள்வி: ஐந்து அணி இறுதிச்சுற்றில் மூன்றாமிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் பெரிய வித்தியாசமா?
– வாசகர், டார்னெய்ட்

மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. 4-ம் 5-ம் மோதும், தோற்றவர் வீட்டுக்கு. 2-ம் 3-ம் மோதும், தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு. முதலிடத்துக்கு அந்த வாரம் ஓய்வு. இரண்டாம் வாரம் முதலிடம், 2–3 வெற்றியாளரைச் சந்திக்கும். ஜெயித்தால் நேரே இறுதிப்போட்டி, தோற்றால் முன்னிறுதி. அந்த முன்னிறுதியில் எதிரே வருவது, 2–3-ல் தோற்றவருக்கும் 4–5-ல் ஜெயித்தவருக்கும் நடக்கும் ஆட்டத்தில் பிழைத்த அணி. ஆக, மூன்றாமிடம் முதல் வாரம் ஜெயித்தால் மொத்தம் மூன்றே ஆட்டத்தில் கோப்பையைத் தூக்கலாம். நான்காமிடம் நான்கையும் ஜெயித்தாக வேண்டும்.

இன்னொன்று: இறுதிச்சுற்றில் ஆட, அந்தப் பருவத்தில் கிளப்புக்காக இத்தனை ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று லீக்குகள் விதி வைத்திருக்கும். சீனியர்ஸில் பெரும்பாலும் ஆடியவரை ரிசர்வ்ஸ் இறுதிக்கு இறக்கவும் தடை இருக்கும். எண்ணிக்கை லீக்குக்கு லீக் மாறும். ஜூலையிலேயே விதிப்புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் மொத்தமே ஐந்து உதைதான் உதைத்தான். சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் அவன் பெயர். தப்பாகப் போட்டுவிட்டார்களா?
– வாசகி, கிளென் வேவர்லி

எந்த இடத்தில் ஆடினான் என்று எழுதவில்லையே. கடைசித் தடுப்பில் நின்றிருந்தால், அவன் காவல் காத்த தாக்குதல் ஆட்டக்காரர் எத்தனை கோல் போட்டார் என்று கேளுங்கள். பூஜ்யம் என்றால் விடை அதுதான். மார்க் பிடிக்கப் போனவர் கையிலிருந்து முஷ்டியால் பந்தைத் தட்டுவது, உதையைக் கையால் மறிப்பது, எதிராளியை உடலால் மறித்துத் தோழனுக்கு வழி உண்டாக்குவது, இவை எதுவும் உதைக் கணக்கில் ஏறாது. பயிற்சியாளரின் நோட்டில் ஏறும்.

கேள்வி: கிளப்பில் என்னைக் கோல் நடுவராக நிற்கச் சொல்கிறார்கள். கொடியை ஆட்டத் தெரியும். வேறென்ன?
– வாசகர், டான்டெனாங்

கொடியை ஆட்டுவது கடைசி வேலை. பந்து வருமுன் கோட்டின் மேல் கால் அகட்டி நில்லுங்கள். கம்பத்துக்கு முன்னால் வராதீர்கள், தடுப்பாட்டக்காரர் வந்து மோதுவார். உயரமாக வரும் பந்துக்கு நேர் கீழே போய் அண்ணாந்து பாருங்கள். கள நடுவர் அனுமதி தந்தபிறகே விரல் காட்ட வேண்டும்: கோலுக்கு இரண்டு, பிஹைண்டுக்கு ஒன்று. பிறகு அதே எண்ணிக்கையில் கொடி. கொடி ஆட்டிய கையோடு அட்டையில் குறித்துவிடுங்கள், "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்டால் அடுத்த கோல் வந்துவிடும். ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும் எதிர்முனை நடுவரின் அட்டையோடு ஒப்பிடுங்கள். பேனா வேண்டாம், மழையில் கரைந்துவிடும். பென்சில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.