கிடையில், வகுப்பறையில், முகாமில்: குழந்தை உரிமைக் கேள்விகளுக்குச் சில பதில்கள்

கோடையில் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியவை. ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், புயல், கடன், அவசரக் கல்யாணம் என்று கடிதங்களின் முகமே மாறிவிடும். இம்முறை வந்தவற்றில் ஏழு கடிதங்களை எடுத்திருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

புயலில் வீடும் தோப்பும் போன எங்கள் தெருக்காரர் ஒருவர், ஆட்டுக் கிடைக்காரரிடம் (வயல்களில் ஆட்டு மந்தை அடைப்பவர்) முன்பணம் வாங்கிக்கொண்டு 11 வயது மகனை ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார். கடன் கழியும்வரை பையன் வரமாட்டானாம். “பெத்த தகப்பனே அனுப்புனான், உனக்கென்ன?” என்கிறார்கள். நான் தலையிடலாமா?
— டெல்டா வாசகர்

தாராளமாகத் தலையிடலாம். முன்பணத்துக்கு ஈடாக ஒருவரின் உழைப்பை அடகு வைப்பது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்ததோடு, அந்தக் கடனையும் இல்லாமல் ஆக்கிவிட்டது. “வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போ” என்று கிடைக்காரர் சொன்னால், அதற்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. தகப்பனார் எந்தத் தாளில் கைநாட்டு வைத்திருந்தாலும் சரி.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். கூடவே வருவாய்க் கோட்டாட்சியருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். இரண்டும் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பையனை மீட்டு வீட்டில் விட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் மறுவாழ்வுத் தொகை கிடைக்கும். ஒன்றிய அரசின் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. குழந்தைகளுக்கான மறுவாழ்வுத் தொகை 2 லட்சம். சான்றிதழ் இல்லாமல் வீடு திரும்பிய சிறுவனை அடுத்த ஆடியில் வேறொரு கிடையில் பார்த்தவன் நான்.

அந்தத் தகப்பனாரைத் தெருவில் நிறுத்தித் திட்டாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சாய்ந்த தென்னைகளை நினைத்துப் பாருங்கள். புதிதாக வைக்கும் நெட்டைத் தென்னை காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? நிவாரணக் கணக்கெடுப்புப் படிவத்தில் கூரை ஓட்டுக்கும் மரத்துக்கும் மாட்டுக்கும் இடம் இருக்கும். பிள்ளை பள்ளிக்கு வருகிறானா என்று கேட்க ஒரு வரிகூட இருக்காது. புயலுக்கு முந்தைய வாரத்து வருகைப் பதிவேட்டையும் மூன்று மாதம் கழித்த பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி உங்கள் ஊர்த் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். காணாமல் போனவர்கள் யார் யார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்ட குழந்தையையும் ‘கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்றே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்கலாம்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீட்டோடு இருக்கும் மாமா தன்னிடம் தவறாக நடந்துகொள்வதாக என்னிடம் சொன்னாள். தலைமையாசிரியர் “பரீட்சை முடியட்டும், பெற்றோரிடம் பக்குவமாகப் பேசலாம்” என்கிறார். குடும்பமே அந்த மாமாவின் சம்பாத்தியத்தில்தான் ஓடுகிறது. நான் என்ன செய்வது?
— ஆசிரியை, மேற்கு மாவட்டம்

டீச்சர், இன்றே தகவல் கொடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் உங்களுக்கு ஆறு மாதம் வரை சிறை. தன்கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இதைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் நல்லவர்களையும் ஊமையாக்கும்.

அந்தப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். “நிஜமாவா? எத்தனை தடவை? நீ ஏன் கத்தலை?” போன்ற கேள்விகள் அடுத்த காயம். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. “நீ சொன்னது நல்லதுதான். உனக்கு உதவுகிறவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள். அந்த மாமாவைக் கூப்பிட்டு விசாரிக்கும் வேலை உங்களுடையது அல்ல. அப்படிச் செய்தால் அன்றிரவு அவள் அதே வீட்டில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து நடக்க வேண்டியவை இவை. அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவலர், சீருடை இல்லாமல் வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு “போலீஸ் தாள் கொண்டு வா” என்று மருத்துவமனை கேட்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே வீட்டில் இருப்பதால், போலீஸார் 24 மணி நேரத்துக்குள் அவளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். அவள் எங்கே தங்குவது என்பதைக் குழு மூன்று நாளுக்குள் முடிவு செய்யும். வழக்கு முடியும்வரை கூடவே இருக்க ஒரு ஆதரவு நபரையும் அமர்த்தும். இதைக் கேட்டு வாங்குங்கள், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

குடும்பம் சமரசம் பேசும். “கோர்ட்டுக்குப் போனா யார் கட்டிக்குவா?” என்பார்கள். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர்மீதான வழக்கை, சிறுமியின் தந்தை சமாதானமாகிவிட்டார் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்து வழக்கை உயிர்ப்பித்தது. பெரியவர்கள் கைகுலுக்கினால் பிள்ளைக்கு எதிரான குற்றம் கரைந்துவிடாது. அடுப்பெரியும் கவலைக்கு ஓரளவு வழி உண்டு: வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. விசாரணை ஓராண்டில் முடிய வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும். அதை மறைத்து அவளுக்கு நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

மழை பொய்த்து இரண்டு போகம் போய்விட்டது. அண்ணன் தன் 16 வயது மகளுக்கு நிச்சயம் செய்துவிட்டார். முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது.
— அத்தை ஒருவர், ராமநாதபுரம்

ஒன்பது நாள் போதும், ஆனால் எட்டாவது நாள்வரை காத்திருக்காதீர்கள். மண்டபத்தில் போய் நிறுத்தினால் இரவோடு இரவாக வேறு மாவட்டத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மாவட்ட சமூகநல அலுவலரிடம் சொல்லுங்கள். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான். குற்றவியல் நடுவர் தடையாணை கொடுத்த பிறகு நடத்தினால் அந்தத் திருமணம் செல்லாது. தடையாணை இல்லாமல் நடந்துவிட்டால் அது தானாக ரத்தாகாது. பெண்தான் வழக்குப் போட்டு ரத்து செய்துகொள்ள வேண்டும், அதற்கு அவளுக்கு 20 வயது வரை அவகாசம். உங்கள் அண்ணனிடம் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள்: நடத்திவைப்பவர், ஊக்குவிப்பவர், விருந்துக்கு வந்து உட்காருபவர் எல்லோரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்க இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

வெள்ளத்தில் பெற்றோரை இழந்த கைக்குழந்தையைத் தத்துக் கொடுப்பதாக வாட்ஸ்அப்பில் எண்ணோடு செய்தி வந்தது. எங்களுக்குப் பத்து வருடமாகக் குழந்தை இல்லை.

உங்கள் ஏக்கம் புரிகிறது. ஆனால் அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள், செய்தியை அப்படியே 1098க்குத் தெரிவியுங்கள். கொரோனா இரண்டாம் அலையின்போது 2021இல் இதே மாதிரிச் செய்திகள் நாடு முழுக்கச் சுற்றின, உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். ஒன்றிய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து வரிசையில் நில்லுங்கள். வரிசை நீளம்தான்.

நான் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வகுப்பறைக்குத் தகரக் கூரை. ஏப்ரலில் உட்கார முடியவில்லை. பருவநிலை மாற்றத்துக்காகக் குழந்தைகள் வழக்குப் போட முடியுமா?

போட்டிருக்கிறார்கள். உத்தராகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே, ஒன்பது வயதில், 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2019இல் அவரும் கிரெட்டா துன்பர்க்கும் சேர்ந்து 16 பிள்ளைகள், அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி நாடுகளின்மீது ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவிடம் புகார் கொடுத்தார்கள். இந்தியாவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பாய். தனிமனிதர்கள் அந்தக் குழுவிடம் புகார் கொடுக்க வழிசெய்யும் நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றத்தை நாடியிருக்க வேண்டும் என்று சொல்லி 2021இல் குழு அதை ஏற்க மறுத்தது. ஆனால் ஒரு நாட்டின் புகை எல்லைதாண்டி இன்னொரு நாட்டுக் குழந்தையைப் பாதித்தால் அந்த நாடு பொறுப்பாகலாம் என்றும் சொன்னது. எனக்கு அந்தத் தோல்வியில் பாதி வெற்றி தெரிகிறது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது அரசமைப்பு உரிமை என்று நம் உச்ச நீதிமன்றமும் 2024இல் சொல்லிவிட்டது.

உன் தகரக் கூரைக்கு ஜெனீவா வரை போக வேண்டாம். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வகுப்பில் ஒரு வெப்பமானியை மாட்டி, இரண்டு வாரம் காலை, நண்பகல், மூன்று மணிக்கு அளவு எழுதுங்கள். அந்தத் தாளோடு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும், மே 1 கிராம சபைக்கும் மனுக் கொடுங்கள். அங்கே உனக்கு ஓட்டு இல்லை, வாய் இருக்கிறது. உன் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது.

நாங்கள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். மகள் இங்கேதான் பிறந்தாள், 13 வயது. குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு இந்தச் சட்டமெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். போக்சோவும் இளைஞர் நீதிச் சட்டமும் ‘18 வயது நிறைவடையாதவர்’ என்றுதான் சொல்கின்றன, குடிமகள் என்று சொல்லவில்லை. 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வியும் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். “முகாம் பொண்ணு” என்று பள்ளியிலோ காவல் நிலையத்திலோ யாராவது இழுத்தடித்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள்.

குடியுரிமை வேறு கதை. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. போரைக் கண்ணால் பார்க்காத பிள்ளையும் அந்தப் போரின் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், முகாம் பதிவு மூன்றையும் பெயர், தேதி, எழுத்து எல்லாம் ஒத்துப்போகும்படி இப்போதே சரிசெய்து வையுங்கள். நாளை இங்கே விண்ணப்பித்தாலும், இலங்கைக் குடியுரிமையைப் பதிவு செய்தாலும், முதலில் கேட்பது அவற்றைத்தான்.

1098க்கு அழைத்தால் என் பெயரைக் கேட்பார்களா?

கேட்கலாம், சொல்ல விருப்பமில்லை என்று சொல்லிவிடலாம். குழந்தை இருக்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: ஊர், தெரு, அருகில் உள்ள கோயில் அல்லது கடை, எந்த நேரத்தில் அங்கே இருக்கும் என்பது. போன மாதம் ஒருவர் பத்து நிமிடம் ஆத்திரப்பட்டுப் பேசிவிட்டு முகவரியைச் சொல்லாமலே வைத்துவிட்டார்.