தட்டு நடுவில், பில் உங்கள் பக்கம்

கேள்வி: ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் நான். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். மச்சான் குடும்பம், சித்தி பிள்ளைகள் என எட்டுப் பெரியவர்கள் மாதம் இருமுறை காட்பாடிப் பக்கம் புதுவகை ஓட்டல்களுக்குப் போகிறோம். எல்லாத் தட்டும் நடுவில் வரும், பகிர்ந்து சாப்பிடுவோம். பில்லை என் கிரெடிட் கார்டில் கட்டுவேன். பிறகு தருவதாகச் சொல்பவர்களில் பாதிப் பேர் தருவதில்லை, கேட்கக் கூச்சம். கார்டு பாக்கி 84,000. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவருகிறேன். மகள் படிப்புக்காக ஆர்.டி.யில் மாதம் 4,000 வீதம் 15 மாதமாகப் போடுகிறேன். பர்சனல் லோன் வாங்கிப் பாக்கியை அடைக்கலாமா? ஓட்டல் தள்ளுபடிக்கு மெம்பர்ஷிப் அட்டை வாங்கச் சொல்கிறார் மச்சான்.
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் அந்தக் குறைந்தபட்சத் தொகைதான் உங்களைக் கவிழ்க்கிறது. பல கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டியிருக்கும். 84,000-க்கு 2,940. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 530. நீங்கள் கட்டும் தொகை ஐந்து சதவீதம் என்று வைத்தால் 4,200. அசலில் கழிவது 730 ரூபாய், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை 6,800-க்கு ஒரு பில் போடுகிறீர்கள். பழைய பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையும் கிடையாது. தேய்த்த அன்றே அந்த 6,800-க்கும் வட்டி ஓடத் தொடங்குகிறது. ரிவார்டு பாயிண்ட் கணக்கை என்னிடம் சொல்லாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். பிரியாணி உருண்டை ஒரு தட்டு 420 ரூபாய், தட்டில் ஆறு. சாப்பிடுகிறவர்கள் எட்டுப் பேர். ஆகவே இரண்டாவது தட்டு. சீஸ் வைத்த பணியாரத்திலும் இதே கதை. அந்த விலைக்கு ஆம்பூரில் எண்ணெய்க் கத்தரிக்காயோடு வயிறாரச் சாப்பிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது; அது என் ருசி, விடுங்கள். யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று பிரிக்க முடியாததால் தலைக்கு இவ்வளவு என்பதுதான் வழி. 6,800-ஐ எட்டால் வகுத்தால் 850. கணவன் மனைவி உங்கள் இருவருக்கும் 1,700. மீதி 5,100 ரூபாயை உறவினர்களுக்கு நீங்கள் வட்டிக்கு வாங்கிக் கடன் கொடுக்கிறீர்கள்.

பில் மேஜைக்கு வந்ததும், எழுவதற்கு முன்பே, மொபைலில் அனுப்பச் சொல்லுங்கள். வாய் வரவில்லையென்றால் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயமில்லை என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

லோன் வேண்டாம். ஆர்.டி.யில் ஏழு சதவீதம் வந்தாலே அதிகம். கார்டுக்கு நீங்கள் கொடுப்பது வருடத்துக்கு 42. ஆர்.டி.யை முறித்து 60,000-ஐக் கார்டில் கட்டுங்கள். முன்கூட்டி முறிப்பதால் வட்டி கொஞ்சம் குறையும், குறையட்டும். மீதி 24,000. குறைந்தபட்சத்துக்குப் போன 4,200, ஆர்.டி.க்குப் போன 4,000, இரண்டையும் சேர்த்து மாதம் 8,200 கட்டினால் நான்காவது மாதம் தீர்ந்துவிடும். ஐந்தாவது மாதம் மகள் பெயரில் ஆர்.டி.யைத் திரும்பத் தொடங்குங்கள். அதுவரை அந்தக் கார்டில் பெட்ரோல்கூடப் போட வேண்டாம்.

மெம்பர்ஷிப் அட்டை அவ்வளவு லாபமானது என்றால் மச்சானே தன் பெயரில் வாங்கிக்கொள்ளட்டும்.