செட்டில்மென்ட் முடிந்தும் சிபில் ஸ்கோர் ஏன் ஏறவில்லை?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருக்கிறேன். கொரோனா காலத்தில் சம்பளம் நின்றபோது கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட முடியவில்லை. வட்டியும் அபராதமும் சேர்ந்து 1,32,000 ரூபாய் ஆகிவிட்டது. 2022-இல் வங்கியே அழைத்து, 55,000 ரூபாய் கட்டினால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றது. கட்டிவிட்டேன். இப்போது 25 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் கேட்டால், சிபில் ஸ்கோர் 611, தர முடியாது என்கிறார்கள். பைக் கடனில் சென்ற ஆண்டு மூன்று தவணைகள் தாமதமானது உண்மைதான். ஆனால் நான் வாங்கவே வாங்காத 9,000 ரூபாய்க் கடன் ஒன்றும் அறிக்கையில் இருக்கிறது. 25,000 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்து ஸ்கோரை 780 ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? அல்லது மனைவி பெயரில் கடன் வாங்குவதுதான் வழியா?

பதில்: அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அதற்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சிபில் போன்ற நிறுவனங்கள் உங்களைப் பற்றித் தாமாக எதையும் எழுதுவதில்லை. வங்கியும் நிதி நிறுவனமும் அனுப்பும் தகவலைச் சேர்த்து வைக்கின்றன, அவ்வளவுதான். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் ஒரு வரியைக்கூட அவர்களால் மாற்ற முடியாது. அப்படியிருக்க, இடையில் நிற்கும் ஒருவர் எதை அழிப்பார்? உங்கள் பான் எண், ஆதார், ஓடிபி ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, உங்கள் பெயரில் எல்லாக் கணக்குகளின் மீதும் ஆட்சேபம் பதிவு செய்வார். அதை நீங்களே இலவசமாகச் செய்யலாம். உண்மையான தகவலின் மீது ஆட்சேபம் எழுப்பினால், வங்கி ‘தகவல் சரியே’ என்று பதில் அனுப்பும். விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அதற்குள் உங்கள் ஆவணங்கள் யாரிடமோ போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்து, 611 என்ற எண்ணைச் சில மாதங்களுக்கு மறந்துவிடுங்கள். 300 முதல் 900 வரையுள்ள அந்த எண், அறிக்கையில் இருக்கும் வரிகளின் விளைவு. உங்கள் வேலை அந்த வரிகளில்தான். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் எடுங்கள். ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் தவறாக இருக்கலாம். எந்த வங்கி எதைப் பார்க்கும் என்பது நம் கையில் இல்லை. நாமே நம் அறிக்கையை எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். குறையாது. கடன் கேட்டு விண்ணப்பித்து, அதற்காக ஒரு வங்கி பார்க்கும்போதுதான் அது விசாரணையாகப் பதிவாகும்.

இனி கிரெடிட் கார்டுக்கு வருவோம். உங்கள் சிக்கலில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

55,000 கட்டியதும் கடன் தீர்ந்தது என்று நினைத்தீர்கள். வங்கியின் பார்வையில் 77,000 ரூபாய் வராமல் போனது. அதனால் கணக்கை ‘முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டது’ என்று காட்டாமல், ‘செட்டில்டு’ என்று அனுப்பியிருக்கும். வீட்டுக்கடன் அதிகாரி ஸ்கோருக்கு முன்பே தேடுகிற சொற்களில் இது ஒன்று. இன்னொன்று ‘ரிட்டன் ஆஃப்’, அதாவது வராது என்று வங்கி தன் கணக்கிலிருந்து நீக்கிய கடன். அன்று வந்த செட்டில்மென்ட் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அறிக்கையில் இப்படித்தான் பதிவாகும் என்று அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி அநேகமாக இருக்கும். கடன் தகவல்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 2029 வரையாவது இந்த வரி தானாக மறையும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு: தள்ளுபடி செய்த தொகையைக் கட்டிவிடுகிறேன், கணக்கை முழுமையாக முடிந்ததாக மாற்றி அனுப்புங்கள் என்று வங்கியிடம் கேட்பது. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் பயனில்லை. வசூல் முகவரிடம் பேசவே வேண்டாம். கார்டு பிரிவில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். அந்த 77,000 ரூபாயில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணமும் ஜிஎஸ்டியும் எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பகுதி வட்டியும் கட்டணமுமாக இருந்தால், அதில் குறைத்துக்கொள்ளக் கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வராது என்று கைகழுவிய பணம் இப்போது வருகிறதென்றால் வங்கிக்கும் ஆதாயம்தான். அதற்காக அவர்கள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒப்புக்கொண்டால், ‘இத்தனை ரூபாய் வந்து சேர்ந்ததும் நிலுவை பூஜ்யம், கணக்கு முழுமையாக முடிக்கப்பட்டது என நான்கு நிறுவனங்களுக்கும் தெரிவிப்போம்’ என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் அதற்குப் பிறகுதான். அதுவும் கார்டு கணக்குக்கு நேராகச் செலுத்துங்கள். யாருடைய ஜிபே எண்ணுக்கும் அனுப்ப வேண்டாம். கட்டிய பின் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். கடனை வங்கி, வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஏதாவது ஒன்றுக்கு விற்றிருந்தால் பேச வேண்டியது அந்த நிறுவனத்திடம். இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்கள் முதலில் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய வங்கிக்குக் கடிதம் எழுதி எழுதியே ஓராண்டைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

தள்ளுபடியான பணத்தை இப்போது ஏன் கட்ட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். கணக்காளரான உங்களுக்கு எண்களிலேயே சொல்கிறேன். 25 லட்சம், 20 ஆண்டுகள். வட்டி 8.5 சதவீதமானால் மாதத் தவணை ஏறக்குறைய 21,700 ரூபாய். 9.5 சதவீதமானால் 23,300. ஒரு சதவீத வித்தியாசம் 20 ஆண்டுகளில் 3.8 லட்சத்தைத் தாண்டுகிறது. ஸ்கோரைப் பொறுத்து வட்டியைக் கூட்டிக் குறைப்பது வங்கிகளில் இன்று சாதாரணம். நகையை விற்றோ புதுக்கடன் வாங்கியோ கட்டச் சொல்லமாட்டேன். ஸ்கோரை ஏற்றித் தருவதாகச் சொன்னவருக்கென்று ஒதுக்கிய 25,000 இருக்கிறது. மீதியைச் சேர்த்துக் கட்ட முடிந்தால் கட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை: நிலை மாறினாலும், கட்டாமல் இருந்த மாதங்களின் தடம் உடனே போகாது. அது காலம் கடந்துதான் வலுவிழக்கும்.

பைக் கடனும் இதே வகைதான். தாமதம் உண்மை என்று நீங்களே சொல்கிறீர்கள். அதை யாரும் அழிக்க முடியாது. அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே 36 மாதக் கட்டம் ஒன்று இருக்கும். எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்று அதில் தெரியும். மாதா மாதம் ஒரு பூஜ்யம் சேரச் சேர, பழைய தாமதங்கள் பின்னுக்குப் போகும். ஆகவே எரிச்சலில் அந்தக் கடனை முன்கூட்டியே அடைத்துவிடாதீர்கள். இப்போது உங்களுக்காக நல்ல சாட்சி சொல்லக்கூடிய ஓடும் கணக்கு அது ஒன்றுதான். சம்பளம் 7-ஆம் தேதி வந்து, தவணை 5-ஆம் தேதி எடுக்கப்படுவதால் பவுன்சு ஆகிறதா என்று பாருங்கள். அப்படியானால் தவணைத் தேதியை மாற்றித் தரச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள். மறுத்தால், ஒரு தவணைப் பணத்தை எப்போதும் கணக்கில் விட்டுவையுங்கள்.

அந்த 9,000 ரூபாய்க் கடன் பற்றி அவசரப்பட வேண்டாம். ‘வாங்கவே இல்லை’ என்று உறுதியாகச் சொல்பவர்களில் பலர் வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரர் செல்போனுக்குப் போட்டுத் தந்த இஎம்ஐ, செயலியில் ‘பிறகு கட்டலாம்’ என்று ஒரே தட்டலில் எடுத்த தொகை, எல்லாமே கடன்தான். அறிக்கையில் செயலியின் பெயர் வராது. பின்னால் இருந்து பணம் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர்தான் வரும். அந்தப் பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்கமாட்டோம். கடன் தொடங்கிய தேதியைப் பார்த்து, அந்த வாரத்து வங்கிக் கணக்குப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

அப்படியும் பொருந்தவில்லை என்றால் ஆட்கள் மாறியிருக்கலாம். நம் ஊரில் இதற்கு நம் இனிஷியல் வழக்கமே ஒரு காரணம். குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். பான் அட்டையில் அது முழுப் பெயராக விரிந்து நிற்கும். ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ளவர் அதே ஊரில் பலர் இருப்பார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடினால் இன்னும் வசதி. உங்களைச் சேராத முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி ஏதேனும் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கடன் வேறொருவருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த விவரங்களையும் சேர்த்தே ஆட்சேபியுங்கள். கடன் வரியை மட்டும் நீக்கி முகவரியை விட்டுவிட்டால், அவருடைய அடுத்த கடனும் உங்கள் அறிக்கைக்கு வந்து சேரக்கூடும்.

ஆட்சேபத்தைச் சிபில் தளத்திலேயே பதிவு செய்யலாம். அதே நாளில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. புகார் எண்ணையும் தேதியையும் குறித்துவைப்பது இதற்காகத்தான். 30 நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் அதன் சிஎம்எஸ் எனும் புகார் இணையதளம் வழியாக முறையிடுங்கள். கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. உங்கள் பான் எண்ணை வைத்து யாரோ மோசடியாக வாங்கிய கடன் என்று தெரிந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்து, அதன் நகலையும் இணையுங்கள்.

பழையதைச் சரிசெய்யும் நேரத்திலேயே புதிய நல்ல பதிவும் சேர வேண்டும். இந்த ஸ்கோரில் சாதாரணக் கார்டு கிடைப்பது கடினம். விண்ணப்பித்து மறுக்கப்படுவதால் விசாரணைகளின் எண்ணிக்கைதான் கூடும். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 20,000 ரூபாய்க்கு வைப்புநிதி போட்டு, அதன் ஈட்டின் பேரில் தரும் கார்டைக் கேளுங்கள். வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் பெட்ரோலுக்கும் போன் கட்டணத்துக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். பில் தொகை முழுவதையும் கட்டுங்கள். ‘குறைந்தபட்சத் தொகை’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதை மட்டும் கட்டினால் தாமதம் பதிவாகாது என்பது உண்மை. ஆனால் மாதம் 3.5 சதவீதத்துக்கு மேல்கூட வட்டி ஓடும், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. உங்கள் 1,32,000 அப்படித்தான் வளர்ந்தது. ஸ்கோர் உயர வேண்டும் என்பதற்காகவே தேவையில்லாத தனிநபர் கடன் வாங்கச் சொல்லும் ஆலோசனைகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மனைவி பெயரில் வாங்கலாமா என்று கேட்டீர்கள். கணவன், மனைவி அறிக்கைகள் தனித்தனி. உங்கள் செட்டில்மென்ட் அவருடைய ஸ்கோரைத் தொடாது. அவருக்கு நிரூபிக்கக்கூடிய வருமானம் இருந்து, வீடும் அவர் பெயரில் மட்டும் இருந்தால், தாராளமாக அவரே விண்ணப்பிக்கலாம். வீடு இருவர் பெயரிலும் என்றால் வங்கி இருவரையும் கடனாளியாக்கும். அப்போது உங்கள் அறிக்கையும் மேசைக்கு வந்துவிடும். வருமானம் இல்லாதவரைப் பெயருக்கு நிறுத்தி, நீங்கள் பின்னாலிருந்து கட்டுவது என்ற ஏற்பாடு வேண்டாம். ஒரு தவணை தவறினால், இதுவரை களங்கமில்லாத அவருடைய அறிக்கையும் கெடும்.

எவ்வளவு நாளாகும்? 2025 ஜனவரியிலிருந்து நிறுவனங்கள் குறைந்தது 15 நாட்களுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், கார்டு நிலை மாறியதும் தவறான கடன் நீங்கியதும் ஓரிரு மாதங்களில் அறிக்கையில் தெரிந்துவிடும். ஸ்கோர் அதே வேகத்தில் ஏறாது. பைக் தவணைகளும் புதுக் கார்டும் ஓராண்டு பிசகாமல் ஓடட்டும். அதுவரை ‘உங்களுக்கு எத்தனை லட்சம் கிடைக்கும் என்று பாருங்கள்’ எனும் இணைய விளம்பரங்களில் பான் எண்ணைப் போடாதீர்கள். சில தளங்கள் அதை ஒரே நேரத்தில் பல நிறுவனங்களுக்கு அனுப்பிவிடும்.

ஓராண்டு கழித்து நான்கு அறிக்கைகளையும் மறுபடி எடுங்கள். சம்பளக் கணக்கு உள்ள வங்கிக்கு, அதற்கு மட்டும், நேரில் போங்கள். நிலுவையில்லாச் சான்று, வங்கி தந்த உறுதிக் கடிதம், 2020 – 21-இல் சம்பளம் நின்றதைக் காட்டும் கணக்குப் பட்டியல் ஆகியவற்றை விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள். ஸ்கோர் அப்போது வங்கிகள் பொதுவாக எதிர்பார்க்கும் 750-க்குச் சற்றுக் கீழே இருந்தாலும், கிளை மேலாளர் மேலிடத்துக்குப் பரிந்துரைக்க இந்தத் தாள்கள்தான் வேண்டும்.