ஊர் ஊராகத் தூக்கிச் செல்லும் ரோபோ சண்டைக் கூண்டை நாமே கட்ட முடியுமா?

கேட்டவர் தூத்துக்குடியில் படிக்கும் கல்லூரி மாணவர். "எங்கள் குழுவில் பத்துப் பேர். ரிமோட்டில் ஓட்டும் ரோபோக்களை மோதவிடும் ரோபோ சண்டைப் போட்டி நடத்த ஆசை, ஆனால் நிரந்தர இடம் இல்லை. பிரித்து மாட்டும்படி ஓர் அரங்கை நாங்களே செய்ய முடியுமா? ஆபத்து இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும் தம்பி. நாங்கள் செய்திருக்கிறோம். ஆபத்தும் உண்டு, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன், அதனால் கணக்கில்தான் தொடங்குவேன். ரோபோவின் ஆயுதமாகச் சுழல்வது ஒரு பல் வைத்த இரும்புத் தட்டு. 300 கிராம் எடை, 12 செ.மீ. விட்டம் உள்ள தட்டு நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் அதில் ஏறக்குறைய 300 ஜூல் ஆற்றல் நிற்கும். பத்துக் கிலோ அரிசிப் பை மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. அந்த அடி முழுவதும் தட்டின் விளிம்பில் உள்ள ஒரு பல்லில் வந்து இறங்குகிறது. விளிம்பின் வேகம் மணிக்கு 225 கி.மீ. பல் உடைந்து பறந்தால் அதே வேகத்தில்தான் பறக்கும். இத்தனையும் 1.36 கிலோ எடையுள்ள, பீட்டில்வெயிட் என்கிற சின்ன வகுப்பு ரோபோவில். விட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கூண்டுச் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். கூண்டின் ஒவ்வொரு போல்ட்டையும் அவர்களை மனதில் வைத்துத்தான் முடுக்கினோம்.

நாங்கள் பதினான்கு பேர். ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் என்கிற ஊரில், ஒரு படகுப் பட்டறையின் ஓரத்தில் வேலை நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், தொழிலுக்குப் போகிறவர்கள் கையில் நேரம் இருக்கும். பட்டறைக்காரர்களுக்கோ அப்போதுதான் வேலை குவியும். அதனால் வெல்டர் அண்ணன் பகலில் படகு வேலையை முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு மேல் எங்களுக்கு வந்து நின்றார், ஒரு ரூபாய் வாங்கவில்லை. அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு. போட்டியில் முதல் ரோபோவை ஓட்டியது அவள்தான்.

அளவை முடிவு செய்தது குட்டி யானை வண்டி. அதன் தொட்டி ஏழடிக்குச் சற்று அதிக நீளம், அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. சுவருக்கும் கூரைக்கும் போடும் பாலிகார்பனேட், அதாவது கண்ணாடி போலத் தெளிவான உறுதியான பிளாஸ்டிக் ஷீட், எட்டுக்கு நாலடியாகக் கிடைக்கிறது. பாதியாக வெட்டினால் நாலுக்கு நாலு. அதையே எல்லாவற்றுக்கும் அளவாக வைத்துக்கொண்டோம். சுவருக்கு எட்டு, கூரைக்கு நாலு, தரைக்கு நாலு என மொத்தம் பதினாறு சதுரங்கள். பூட்டினால் எட்டுக்கு எட்டடிக் களம், நாலடி உயரம். சுவருக்கும் கூரைக்கும் சேர்த்து ஆறே ஷீட், வீண் துண்டு இல்லை. 6 மி.மீ. கனத்தில் ஒரு சதுரம் பதினோரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, குழாய்ச் சட்டத்தோடு பதினாறு பதினேழு கிலோ. இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம். கூரை நடுவில் தொய்யாமலிருக்கக் குறுக்கே ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். கதவு என்று தனியாக இல்லை, ஒரு சுவர்ச் சதுரத்துக்குக் கீல் வைத்தோம்.

இப்போது பாலிகார்பனேட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் அடிபட்டது இங்கேதான். முதலில் வாங்கிய ஷீட்டை ஒரு கடையில் பாலிகார்பனேட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வெட்டிய ஓரத்துண்டை வைஸில் பிடித்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டோம். கண்ணாடி மாதிரி சிதறியது. அது அக்ரிலிக், பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வேறொரு பிளாஸ்டிக். அதைக் கூண்டில் மாட்டியிருந்தால் ரோபோவின் பல்லோடு சுவரும் சேர்ந்து பிள்ளைகள் மேல் பறந்திருக்கும். பாலிகார்பனேட் குழியும், வளையும், ஆனால் சிதறாது. வாங்குமுன் ஒரு கீற்றை வெட்டி வாங்கிக் கையால் மடக்கிப் பாருங்கள். அக்ரிலிக் படக்கென்று முறியும், பாலிகார்பனேட் மடங்கும். தீயில் காட்டினாலும் தெரியும்: அக்ரிலிக் விடாமல் எரியும், பாலிகார்பனேட் கரும்புகை விட்டு, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும்.

சரியான ஷீட் வந்த பிறகும் ஒன்றை இழந்தோம். பைபர் படகுக்கு ரெசின் பூசுகிற தம்பி ஒருவன் தரைப் பலகைகளின் ஓரத்துக்குக் கண்ணாடியிழை மேட் வைத்து ரெசின் பூசிக் கொடுத்தான். மரைன் பிளைவுட் உப்புக் காற்றில் உப்பாமல் இருப்பதற்கு அவன் வேலைதான் காரணம். பூசி முடித்த கையோடு, சுவர்ச் சதுரத்தில் பட்டிருந்த ரெசின் கறையை நல்லெண்ணத்தில் தின்னரால் துடைத்துவிட்டான். பைபர் வேலையில் அதுதான் வழக்கம். கொஞ்ச நேரத்தில் ஷீட் பால் போல வெளுத்தது, மறுநாள் போல்ட் துளைகளைச் சுற்றி முடி மாதிரி விரிசல். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. போல்ட் கழலாமலிருக்க ஊற்றும் பசையும் ஆகாது, நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அந்தத் தம்பி மனம் ஒடிந்துபோனான். "உனக்கு முன்கூட்டியே சொல்லாதது என் தப்புப்பா" என்று நான் சொன்னேன், அது உண்மையும்கூட.

துளைகளைப் போல்ட்டைவிட மூன்று மி.மீ. பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். காலைக்கும் மதியத்துக்கும் இருபது டிகிரி வெப்பம் மாறினால் நாலடி ஷீட் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளும். இடமில்லாமல் இறுக்கினால் துளையிலிருந்துதான் கிழியும். சுவரின் அடியில் அரையடி உயரத்துக்கு 3 மி.மீ. இரும்புத் தகடு. ரோபோ வந்து மோதுவது அந்தத் தகட்டில்தான், ஷீட்டில் அல்ல.

சட்டத்துக்கு ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிடுங்கள். பூச்சு எரிந்து வரும் புகையை மூச்சில் இழுத்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வெல்டு வைக்க வேண்டும் என்று வெல்டர் அண்ணன் எங்களை விரட்டிக்கொண்டே இருந்தார். பற்றவைத்த இடத்தில் உடனே துத்தநாகப் பெயின்ட். எங்கள் கரையில் ஒரு வாரம் விட்டால் துரு எட்டிப் பார்க்கும்.

சதுரங்களுக்குப் பெயின்டில் எழுதிய எண்கள் இரண்டு பயணத்தில் உரிந்துவிட்டன. படகு கட்டும் ஓடாவி ஐயா ஒருவர் பார்த்துவிட்டு, "எழுத்து எதுக்கு, வெட்டு போடுங்க" என்றார். சட்டத்தின் ஓரத்தில் அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டுகள் போட்டோம். கரண்ட் போனாலும் விரலால் தடவிப் பார்த்து மாட்டலாம். முதல் தடவை கூண்டை நிறுத்த மூன்று மணி நேரம் பிடித்தது, இப்போது முக்கால் மணி.

தேவிபட்டினம், கீழக்கரை, தங்கச்சிமடம் என்று கூண்டு போய்வந்திருக்கிறது. கல்யாண மண்டபமோ பள்ளிக்கூடமோ, கூரையுள்ள இடம்தான் எடுப்போம். பாம்பன் சாலைப் பாலத்தைக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடக்கும்போது சதுரங்களைப் படுக்கவைத்தே கட்ட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு பாய். கயிறு கட்டுவதை மீன்பிடிக்கப் போகிறவர்களிடமே விட்டுவிடுகிறோம், இதுவரை ஒரு முடிச்சும் நெகிழவில்லை.

பேட்டரி பற்றி. லித்தியம் பாலிமர் பேட்டரி அடிபட்டால் உப்பிப் பற்றும். கூண்டுக்குப் பக்கத்தில் மூடியுள்ள இரும்பு வாளியில் காய்ந்த மணல் வையுங்கள். கடற்கரை ஈர மணலை அள்ளி வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும். மூடிய கூண்டுக்குள் புகை தேங்கும், அதனால் கூரை ஓரத்தில் உறிஞ்சும் விசிறி ஒன்று உண்டு. புகை போகும்வரை யாரும் கதவைத் தொடக்கூடாது. கதவு திறந்திருந்தால் சிவப்பு விளக்கு அணையாது, விளக்கு அணையாமல் எந்த ரோபோவுக்கும் உயிர் கொடுக்க மாட்டோம். ரிமோட்டை அணைத்தால் ஆயுதம் தானாக நிற்கிறதா என்று ஒவ்வொரு ரோபோவையும் சோதிக்கிறோம். இவ்வளவும் இருந்தும் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டித்தான் கூட்டத்தை நிறுத்துகிறோம்.

ஒரு முறை கல்லூரிப் பிள்ளைகள் 8 கிலோ ரோபோவோடு வந்தார்கள். அருமையான வேலைப்பாடு. நம் நாட்டுக் கல்லூரி விழாக்களில் 8, 15, 30, 60 கிலோ வகுப்புகள் வழக்கம்தான், அவற்றுக்கு வேறு மாதிரிச் சுவர் வேண்டும். "ஒரே ஒரு ரவுண்டு சார்" என்று கெஞ்சினார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது, ஆனாலும் நாளைக்கு வந்தாலும் அதே பதில்தான். உங்கள் கூண்டு தாங்கும் எடையைக் கதவிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

செலவில் பாதிக்கு மேல் பாலிகார்பனேட்டுக்கே போகும். அதில் மட்டும் கை இழுக்காதீர்கள். சட்டம், தரை, கயிறு எல்லாம் உங்கள் துறைமுகத்துப் பட்டறைகளில் சொல்லிக் கேட்டால் நடக்கும். தூத்துக்குடியில் அந்தக் கைகளுக்குப் பஞ்சமில்லை. நேரில் பார்க்க வேண்டுமென்றால் கூண்டைப் பிரிக்கும் நாளில் வாருங்கள். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் கீல்களையும் போல்ட்டுகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட இரண்டு மணி நேரம் ஆகிறது. நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொண்டால் எல்லா மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம்.