பைசாந்திய செப்புக்காசின் ஆண்டைப் படிப்பது

வணக்கம். உங்கள் பைசாந்தியச் செப்புக்காசின் ஆண்டை எப்படிப் படிப்பது, படிவைப் போக்க எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பின்பக்கம் பெரிய 'எம்', முன்பக்கம் நேர்முகமாகத் தலைக்கவசம் அணிந்த பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசர் ஜஸ்டினியன் என்றால், அது ஃபொல்லிஸ் என்னும் செப்புக்காசு. 'எம்' என்பது கிரேக்க எண் 40. அதாவது 40 நும்மி (அக்காலச் சிறு காசு அலகு) மதிப்பு.

நீங்கள் தேடும் ஆண்டு 'எம்'முக்கு வலப்பக்கம், மேலிருந்து கீழாக ரோமன் எண்ணில் இருக்கும். இடப்பக்கம் 'அன்னோ' (லத்தீனில் 'ஆண்டில்') என்றிருக்கும். வலப்பக்க எண் ஜஸ்டினியனின் ஆட்சியாண்டு, அதாவது அவர் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்பது. எண்ணோடு 526-ஐக் கூட்டுங்கள்: 13 என்றால் கி.பி. 539-540. சில காசுகளில் ஆறுக்கு 'எஸ்' போன்ற வளைந்த குறி வரும், ஏமாந்துவிடாதீர்கள். 'எம்'முக்கு அடியில் உள்ள ஒற்றை எழுத்து ஆண்டல்ல, காசை அச்சிட்ட பட்டறையின் எண். அதற்கும் கீழே 'சிஓஎன்' இருந்தால் அது கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) அச்சான காசு.

எலுமிச்சைச் சாற்றில் தயவுசெய்து ஊறவைக்காதீர்கள். அமிலம் பச்சைப் படிவோடு எழுத்தையும் அரித்துவிடும். வாலைநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) சில நாள் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள்.