வாசகர் கேள்வி: நாற்பது நிமிடத்தில் தீர்ந்த பயம்

கேள்வி: தனி ஒருவர் உருவாக்கிய திகில் வீடியோ கேம் ஒன்றை விடுமுறையில் வாங்கினேன். பாழடைந்த மருத்துவமனைக்குள் டார்ச்சோடு போய் மூன்று சாவிகளைத் தேட வேண்டும். நாற்பது நிமிடத்தில் 'தொடரும்' என்று போட்டு முடித்துவிட்டார். இவ்வளவு சிறிய கேமில் பயம் எப்படி வரும்?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: ஞாயிறு இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை நானும் ஆடிப் பார்த்தேன். உங்கள் ஏமாற்றம் நியாயம்தான். ஆனால் பழியை நேரத்தின் மேல் போடாதீர்கள்.

2014 ஆகஸ்டில் ஜப்பானிய கேம் வடிவமைப்பாளர் ஹிடியோ கோஜிமா பிளேஸ்டேஷன் 4-க்கு இலவசமாக வெளியிட்ட 'பி.டி.' என்ற திகில் கேமில் இருப்பது, 'எல்' போல வளையும் ஒரு வீட்டு நடைவழி மட்டுமே. கோடியில் இருக்கும் கதவைத் திறந்தால் அதே நடைவழியின் தொடக்கத்துக்கே வந்து நிற்போம். 23:59 காட்டும் கடிகாரம், குடும்பக் கொலை பற்றிச் செய்தி சொல்லும் ரேடியோ. ஒரு சுற்றில், மூடிக் கிடக்கும் குளியலறைக் கதவை உள்ளிருந்து யாரோ உலுக்குவார்கள். இன்னொரு சுற்றில் அந்தக் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கும். எனக்கு அந்த இடத்தில் விரல் நகரவில்லை. அடுக்களையில் ஒரு பாத்திரம் இடம் மாறியிருந்தால் வீட்டுக்காரருக்கு உடனே தெரியும் அல்லவா? அந்த அளவுக்கு அந்த வீட்டை நமக்குப் பழக்கிவிடுகிறார்கள்.

உங்கள் மருத்துவமனையிலும் அப்படி ஒரு தருணம் இருந்தது. இரண்டாம் மாடியில் சக்கர நாற்காலி தானாக உருண்டு வருமே, அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சக்கரத்தின் கிறீச்சொலி வலக் காதிலிருந்து இடக் காதுக்கு மெல்ல நகர்ந்தது. அப்படியே விட்டிருக்கலாம். மூன்று நொடிகூடப் பொறுக்காமல், கேமை உருவாக்கியவர் திரை முழுக்க ஒரு முகத்தைக் காட்டி அலறவிட்டார். அதன்பின் ஒவ்வொரு சாவிக்கும் அதே முகம், அதே அலறல். மூன்றாவது சாவியைக் கண்டதுமே என் கை ஒலியைக் குறைக்கப் போய்விட்டது. அதிர்ச்சியைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் அதே அளவுக்குத் திடுக்கிட்டிருப்பேன்.

பொருள் தேடும் கேம் என்றால் 2012-இல் வந்த 'ஸ்லெண்டர்' நினைவுக்கு வருகிறது. காட்டில் எட்டுத் தாள்களைச் சேகரிக்க வேண்டும், அவ்வளவுதான். துரத்துபவனைப் பார்த்துக்கொண்டே நின்றால் ஆட்டம் முடிந்துவிடும். அவன் எங்கே என்று தெரிந்தாக வேண்டும், பார்க்கவும் கூடாது. அந்தத் தவிப்பில் ஒரு துளிகூட உங்கள் மூன்று சாவிகளில் இல்லை.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது அந்தத் 'தொடரும்' மேல்தான். இது முதல் பாகம் என்று விற்பனைப் பக்கத்தில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: பணத்தைத் திரும்பக் கேட்டால் தவறா? நண்பர்கள் பலர் கேமை முடித்துவிட்டு வழக்கமாக வாங்கிவிடுகிறார்கள்.
- அதே வாசகர்

பதில்: கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியிருந்தால், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். நீங்கள் தாராளமாகக் கேளுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் 'தொடரும்' விஷயத்தையும் எழுதுங்கள்.

நண்பர்களிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள். 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் கேமை உருவாக்கிய எமிகா கேம்ஸ், 2021-இல் இந்தத் துறையைவிட்டுக் காலவரையின்றி விலகுவதாக அறிவித்தது. கேம் 2 மணி நேரத்துக்குள் முடிவதால், நல்ல மதிப்புரைகள் வந்தும் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் ஏராளம் என்பதே அவர்கள் சொன்ன காரணம். ரசித்து ஆடி முடித்த கேமுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களுக்குக் கிடைக்கும் பணத்தில் 2022-இல் வந்த 'அயர்ன் லங்' வாங்குங்கள். அதுவும் ஒரு மணி நேரம்தான். இரத்தக் கடலுக்கு அடியில் துருப்பிடித்த நீர்மூழ்கிக்குள் நீங்கள் ஒருவர் மட்டும். பார்க்க ஜன்னல் கிடையாது. வெளியே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்திப் புகைப்படம் எடுத்தாக வேண்டும். எத்தனையாவது படத்தில் உங்கள் கை தயங்கியது என்று எழுதுங்கள்.