ரஸ்ஸலின் ‘டைரி’ அன்றன்றைக்கு எழுதியதுதானா?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் ஒரு தொடர் எழுதி வருகிறேன். லண்டன் டைம்ஸ் நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸலின் ‘மை டைரி நார்த் அண்ட் சவுத்’ இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. நாள்வாரியாக இருப்பதால் “1861 ஜூலை 21 அன்று ரஸ்ஸல் தன் டைரியில் எழுதினார்” என்று போடலாமா? வாஷிங்டன் அருகே வடக்கும் தெற்கும் மோதிய முதல் பெரிய சண்டையான புல் ரன் போரை அவர் பார்க்கவே இல்லை, எல்லாம் கதை என்கிறார் ஒரு நண்பர். எதை நம்புவது?

முதலில், அப்படிப் போடாதீர்கள். டைரி என்பது அந்தப் புத்தகத்தின் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். ரஸ்ஸல் 1862 ஏப்ரலில் அமெரிக்காவை விட்டுக் கிளம்பி ஊர் திரும்பினார், பழைய குறிப்புகளை முன்னால் வைத்துக்கொண்டு வாசகர்களுக்காக விரித்து எழுதினார், அது 1863 என்று ஆண்டு அச்சிட்டு இரண்டு பாகங்களாக வந்தது. உங்களிடம் இருப்பது அதுதான். பக்கம் பக்கமாக உரையாடல், நக்கல், வர்ணனை எல்லாம் வருகிறதே, போர்க்களத்திலிருந்து களைத்து வந்த மனிதர் அதே இரவில் அத்தனையையும் எழுதியிருப்பாரா, யோசித்துப் பாருங்கள்.

அவர் நிஜமாகவே அன்றாடம் எழுதிய டைரி வேறு. அது சுருக்கமானது, அவருடைய சொந்த விஷயங்களும் கலந்தது. அதையும் அவர் எழுதிய கடிதங்களையும் மார்ட்டின் க்ராஃபோர்ட் பதிப்பித்து 1992-இல் நூலாக வெளியிட்டார். இந்த இரண்டுக்கும் நடுவே டைம்ஸுக்கு அவர் அனுப்பிய செய்திக் கடிதங்கள் இருக்கின்றன. ஆக ஒரே நாளுக்கு மூன்று ரஸ்ஸல்கள் கிடைக்கலாம். எந்த ரஸ்ஸல் சொன்னது என்று குறிப்பிடாமல் மேற்கோள் காட்டினால், விஷயம் தெரிந்தவர்கள் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்கள்.

இப்போது புல் ரன். உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. ஜூலை 21 காலை ரஸ்ஸல் வாஷிங்டனிலிருந்து வாடகை வண்டியில் கிளம்பினார். சென்டர்வில் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சண்டை எப்போதோ தொடங்கியிருந்தது, தூரத்தில் புகையும் பீரங்கிச் சத்தமும்தான். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பெண்மணி, நாளை இந்நேரம் நாம் ரிச்மண்டில் (தெற்கின் தலைநகர்) இருப்போம் என்று குதூகலித்தது அங்கேதான். பிறகு குதிரையேறி முன்னால் போனவருக்கு எதிரே வந்தது தோற்று ஓடிவரும் வடக்குப் படையும் தறிகெட்டு வரும் வண்டிகளும். அந்த ஓட்டத்தை அவர் நன்றாகவே பார்த்தார். போரின் போக்கைப் பார்க்கவில்லை.

இதை அவர் மறைக்கவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. மறுநாள் தேதியிட்ட டைம்ஸ் கடிதத்தின் தொடக்கத்திலேயே, நேற்றைய சண்டையைப் பற்றி அல்ல, என் கண் பார்த்ததையும் காது கேட்டதையும்தான் எழுதுகிறேன், கண் அதிகம் ஏமாந்ததில்லை, ஆனால் இந்த நாட்டில் காதை அவ்வளவாக நம்ப முடியாது என்ற பொருளில் சொல்லிவிடுகிறார். (தீர விசாரிப்பதே மெய் என்ற நம் ஊர்ப் பழமொழியை அவர் கேட்டிருந்தால் அதையும் சேர்த்திருப்பாரோ என்னவோ.) அந்தக் கடிதம் ஆகஸ்ட் 6 அன்று லண்டனில் அச்சானது. அட்லாண்டிக்கின் அடியில் 1858-இல் போட்ட தந்திக் கம்பி சில வாரங்களிலேயே செத்துப்போயிருந்தது, எல்லாம் கப்பல் தபால்தான். ஆகவே அந்த இதழ் திரும்ப அமெரிக்காவுக்கு வந்து சேர ஆகஸ்ட் மாதம் பாதிக்கு மேல் ஆகிவிட்டது. வந்ததும் வடக்கே ஒரே கொந்தளிப்பு. ‘புல் ரன் ரஸ்ஸல்’ என்று பட்டப்பெயர், இவர் போர்க்களத்துக்கே போகவில்லை என்று பத்திரிகைகளில் ஏச்சு. உங்கள் நண்பர் சொல்வது அந்தக் காலத்து ஏச்சின் மிச்சம்.

புத்தகத்தில் வரும் புல் ரன் பகுதியை இந்த ஏச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர் எழுதினார் என்பதை மறக்க வேண்டாம். என் பார்வையில் அது பாதி வர்ணனை, பாதி பதில் மனு. அந்த நாளுக்கு டைம்ஸ் கடிதத்தைத்தான் முதல் சாட்சியாக எடுப்பேன்.

அவர் சொல்லை மாற்றக்கூடியவர் என்பதற்கு, முன்பு அவர் செய்தி அனுப்பிய கிரிமியப் போரிலேயே சான்று உண்டு. 1854 அக்டோபர் 25, பாலக்லாவாவில் பிரிட்டனின் 93-ஆவது ஹைலாண்டர் (ஸ்காட்லாந்து) படை ரஷ்யக் குதிரைப்படையை எதிர்த்து வரிசையாக நின்றதைக் கடிதத்தில் ‘தின் ரெட் ஸ்ட்ரீக்’ என்றுதான் எழுதினார், மெல்லிய சிவப்புக் கீற்று. உலகம் ‘தின் ரெட் லைன்’ என்று அதைப் பிரபலமாக்கியது, பின்னாளில் தன் புத்தகத்தில் அவரும் ‘லைன்’ என்றே போட்டுக்கொண்டார்.

அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போர் தொடங்கிய இடமான சம்டர் கோட்டை விழுந்த சில நாளில் சார்ல்ஸ்டன், அப்புறம் மாண்ட்கோமரியில் தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ், நியூ ஆர்லியன்ஸ், மிசிசிப்பி வழியாக மேலே என்று அந்த நேரத்தில் இரு தரப்பையும் சுற்றி வந்த இப்படியொரு வெளிநாட்டுக் கண் கிடைப்பது அபூர்வம். லிங்கன் அவரிடம், டைம்ஸைவிடச் சக்தி வாய்ந்தது மிசிசிப்பி ஆறு ஒன்றுதான் இருக்கும்போல என்று சொன்னதாக வருவதும் இதில்தான். அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் “லிங்கன் சொன்னார்” என்று அல்ல, “லிங்கன் சொன்னதாக ரஸ்ஸல் பின்னர் எழுதினார்” என்று. தெற்கத்தித் தோட்ட முதலாளிகளின் வீட்டில் விருந்தாளியாக இருந்துகொண்டு அனுப்பிய கடிதத்தில் அடக்கி வாசித்த விஷயம் ஊர் திரும்பி எழுதியதில் வெளிப்பட வாய்ப்புண்டு, அதனால் அடிமைமுறை பற்றிய பகுதிகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இந்தியாவின் 1857 கிளர்ச்சி பற்றியும் எழுதும் எண்ணமிருந்தால் 1860-இல் வந்த அவருடைய இந்திய டைரிக்கும் இதே கணக்குதான். அவர் கல்கத்தாவில் இறங்கியதே 1858 ஜனவரியில். மார்ச்சில் லக்னோவின் கைசர்பாக் சூறையாடப்பட்டது அவர் கண்ணெதிரே நடந்தது, முந்தைய ஆண்டின் கான்பூர் நிகழ்வுகளோ அவருக்கும் கேள்விஞானம். ஆனால் கேட்டதை அப்படியே விழுங்கியவர் இல்லை. கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட பீபிகர் வீட்டுச் சுவரில், அந்தப் பெண்களே எழுதியதாக இங்கிலாந்தே நம்பிய வாசகங்கள், ஆங்கிலேயத் தளபதி ஹாவ்லாக்கின் படை உள்ளே நுழைந்தபோது அங்கே இல்லவே இல்லை, பிறகு யாரோ கிறுக்கியவை என்று விசாரித்து எழுதினார்.